வாசகர் கேள்வி: எங்கட வீதியில் சைக்கிளுக்கு இடம் கேட்பது எப்படி?

யாழ் நகரத்திலும் சுற்றூர்களிலும் சைக்கிள் ஓடுபவர்களுக்காகக் குழுவாகச் சேர்ந்து வேலை செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்த வேலையில் நெடுநாள் ஈடுபட்டவர்கள் பதில் தருகிறார்கள். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: எங்கட சனசமூக நிலையத்தில் பத்துப் பேர் சேர்ந்து, சைக்கிள் ஓடுற ஆக்களுக்காக ஏதாவது செய்யவேணும் எண்டு நிக்கிறம். ஊர்வலம் ஒண்டோட தொடங்கலாமோ? (அரியாலை வாசகர்)

பதில்: ஊர்வலம் பிறகு வரட்டும். முதல் வேலை எண்ணுவது. "இந்த வீதியில் நிறையப் பேர் சைக்கிளில் போகினம்" என்று ஒரு கந்தோரில் போய்ச் சொன்னால், "ஆர் இப்ப சைக்கிள் ஓடுறது?" என்ற கேள்விதான் திரும்பி வரும். காலை ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பேர், அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று தாளில் கொண்டுபோய் வைத்தால் பேச்சின் திசையே மாறும். பத்துப் பேர் இதற்குத் தாராளமாகப் போதும்.

ஒரு சந்தியைத் தெரிவு செய்யாதீர்கள். சந்தியில் திரும்புகிறவர்களை இரண்டு தரம் எண்ணிவிடும் பிழை புதியவர்கள் எல்லோருக்கும் வரும். சந்தியிலிருந்து ஐம்பது மீற்றர் தள்ளி, இரண்டு மின்கம்பங்களுக்கு இடையில் வீதிக்குக் குறுக்கே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்களை மட்டும் எண்ணவேண்டும். ஒரு திசைக்கு ஓர் ஆள். பிழையான பக்கத்தால் வருகிறவரும் கணக்கில் சேரவேண்டும். அவருக்குப் பக்கத்தில் சிறு குறியிடுங்கள். ஒரே இடத்தில் பலர் பிழையான பக்கத்தால் வந்தால், மற்றப் பக்கம் போவதற்கு அவர்களுக்கு வசதியான கடவை இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அந்தக் குறிகளே பின்னர் ஒரு கோரிக்கையாகும்.

தாளை 15 நிமிட வரிகளாகப் பிரியுங்கள். நிரல்கள்: ஆண், பெண், பள்ளிச் சீருடையில் வருபவர், பாரில் அல்லது கரியரில் ஆளேற்றி வருபவர், சுமையோடு வருபவர். இன்னொரு தாளில் மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார் அல்லது வான், பஸ் அல்லது லொறி, நடந்து போகிறவர். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் பழைய முறைதான் இதற்குச் சரி. தொலைபேசியில் தட்டி எண்ணப் போனால் கண் திரையில் நிற்கும், இரண்டு பேர் கடந்து போய்விடுவார்கள்.

நேரம் காலை 6.45 இலிருந்து 7.45 வரை, பகல் 1.15 இலிருந்து 2.15 வரை, மாலை 4.15 இலிருந்து 6.15 வரை. மாலை நேரத்தை விட்டுவிட்டால் ரியூசன் பிள்ளைகள் முழுப்பேரும் கணக்கில் விடுபடுவார்கள். செவ்வாய், புதன், வியாழன் நல்ல நாட்கள். போயா தினம், கோயில் திருவிழா நாள், பரீட்சைக் காலம் வேண்டாம். மழை பெய்தால் அன்றைய தாளை எறியாமல் "மழைநாள்" என்று எழுதித் தனியாக வையுங்கள். மாரி மழையிலும் இத்தனை பேர் சைக்கிளில் போகிறார்கள் என்பது, வெயில் நாளின் பெரிய எண்ணைவிடச் சில வேளை பலமான சாட்சி.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரை எண்ண விடாதீர்கள், கண் சோரும். தொடக்கத்தில் 15 நிமிடம் இரண்டு பேர் ஒரே திசையைத் தனித்தனியே எண்ணி ஒப்பிடுங்கள். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் எதை எண்ணுவது என்பதில் இருவருக்கும் இரண்டு விளக்கம் இருக்கிறது. பெரும்பாலும் அது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவரைப் பற்றியது. (அவரைச் சைக்கிளோடு சேர்த்து எண்ணி, குறியிடுங்கள். அந்த இடத்தில் ஏன் இறங்கித் தள்ளுகிறார் என்பது பிறகு தேவைப்படும்.)

குறைந்தது இரண்டு நாள் எண்ணிய பிறகு கூட்டுங்கள். மூலத்தாள்களை எறியவே கூடாது. "இதை ஆர் எண்ணினது?" என்று கேட்டால் தாளை எடுத்துக் காட்டத் தெரிந்த குழுவை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள்.

கேள்வி: மாநகர சபைக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று. "இது எங்கள் வீதி இல்லை" என்று பதில். அப்ப இது ஆற்றை வீதி? (சுண்டிக்குளி வாசகி)

பதில்: மூன்று கடிதம் போட்டும் ஒன்றும் நடக்காதது உங்கள் கடிதத்தின் குறை இல்லை, முகவரியின் குறை. இலங்கையில் வீதிகளுக்கு மூன்று வகையான பொறுப்பாளிகள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. யாழ்ப்பாணம் வரும் ஏ9 கண்டி வீதி இதில் அடங்கும். சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. மிகுதி உள்வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை. எல்லையும் குழப்பும்: நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மாநகர சபைக்குள், கொக்குவில் நல்லூர்ப் பிரதேச சபைக்குள். ஒரே சைக்கிள் பயணத்தில் பத்து நிமிடத்துக்குள் மூன்று அதிகாரங்களின் வீதியில் போய்விடலாம்.

ஒரு வீதி யாருடையது என்று தெரியாவிட்டால் ஊகிக்கவேண்டாம், தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். அது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. சபையின் தகவல் அலுவலருக்கு எழுதினால், தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம்; அதற்கும் பலன் இல்லையென்றால் தகவலறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேட்கும் விடயம் குறுகலாக இருக்கட்டும். "வீதிப் பாதுகாப்புப் பற்றிய சகல ஆவணங்களும்" என்று எழுதினால் இழுபடும். "இன்ன சந்தியிலிருந்து இன்ன மதகு வரையான வீதியின் தரம், பதிவில் உள்ள அகலம், இவ்வாண்டு அதற்கு ஒதுக்கிய வேலை" என்று மூன்று வரியில் கேட்டால் மூன்று வரியில் பதில் வரும்.

பிறகு கோரிக்கைக் கடிதம். ஒரு கடிதத்தில் ஓர் இடம், ஒரு வேண்டுகோள். ஐந்து பிரச்சினையை ஒரே கடிதத்தில் போட்டால் அது ஐந்து மேசைக்குப் போகவேண்டும், ஒன்றிலும் தங்காது. அளவு நாடாவை விரித்து வைத்து எடுத்த படம், எண்ணிய தாளின் சுருக்கம், கையால் வரைந்த ஒரு படம் போதும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரை இடத்துக்குக் கூப்பிட்டுக் காட்டுவது பத்துக் கடிதத்துக்குச் சமன். அவரை ஒரு தரமாவது சைக்கிளில் அந்த இடத்தைக் கடக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: வாய்க்கால் மூடியின் கம்பிக்குள் மகளின் முன்சில்லு இறங்கி விழுந்துவிட்டாள். மூடியை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? (குருநகர் வாசகி)

பதில்: கட்டாயம் கேட்கவேண்டும், இன்றைக்கே. கம்பிகள் வீதியின் நீளப் போக்கில் இருப்பதுதான் பிழை. பெரிய சைக்கிளின் 28 அங்குல ரயர் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் அகலம். இப்போது பிள்ளைகள் ஓடும் சில வண்டிகளில் அதைவிட மெல்லியது. கம்பி இடைவெளி அதற்கு மேல் போனால் சில்லு இறங்கும். மூடியைக் கழற்றிக் கம்பிகள் வீதிக்குக் குறுக்காக வரும்படி திருப்பிப் போட்டாலே அரைவாசி ஆபத்துத் தீரும். மூடி சதுரமாக இருந்தால் அதற்குச் செலவே இல்லை. நீள்சதுரமென்றால் திரும்பாது, குறுக்கே மூன்று தட்டைக் கம்பி ஒட்டிப் பற்றவைக்கச் சொல்லிக் கேளுங்கள். கடிதத்தில் இடைவெளியை மில்லிமீற்றரில் எழுதுங்கள். மாற்றும்வரை மூடியைச் சுற்றி வெள்ளைப் பூச்சால் அடையாளமிடவும் அதே கடிதத்தில் கேட்கலாம். ஒரே இடத்தின் ஒரே பிரச்சினை என்பதால் முன்சொன்ன விதி உடையாது.

கேள்வி: ஆரும் சைக்கிளை விட இடமில்லை. கடை வாசலில் விட்டால் தூக்கி எறியினம். சபை ஒரு தரிப்பிடம் தர ஒத்துக்கொண்டால் என்ன மாதிரி ஸ்ராண்ட் போடச் சொல்லுவது? (யாழ் நகர வாசகர்)

பதில்: இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பிழையான ஸ்ராண்ட் போட்டால் ஆரும் பாவிக்கமாட்டார்கள், பிறகு "போட்டுத் தந்தும் பாவிக்கேல்லை" என்ற பேச்சு வரும், அடுத்த தரிப்பிடம் கிடைக்காது.

முன்சில்லை மட்டும் பிடிக்கிற பள்ளமான கம்பித்தட்டு வேண்டவே வேண்டாம். பக்கத்துச் சைக்கிள் சாய்ந்தால் உங்கள் றிம் வளையும், பூட்டுப் போடச் சட்டகத்துக்கு எட்டாது. எங்கள் பெரிய சைக்கிள்களில் இரண்டு கால் ஸ்ராண்டும் பின்சில்லுப் பூட்டும் இருப்பதால் அவை தாமாக நிற்கும். ஆனால் அந்தப் பூட்டுச் சில்லு உருளாமல் தடுக்குமே தவிர, வண்டியைத் தூக்கி லான்ட்மாஸ்ரரில் (இரு சில்லு உழவு இயந்திரத்தில்) போடுவதைத் தடுக்காது. ஆகவே சட்டகத்தை நிலத்தோடு பூட்டக் கூடிய, தலைகீழ் ப வடிவ வளைகுழாய்தான் சரி.

குழாய் இரண்டு அங்குல ஜீ.ஐ., அதாவது நாகம் (சிங்க்) பூசிய இரும்புக் குழாய். நிலத்துக்கு மேல் உயரம் 750 மில்லிமீற்றர், நீளம் 800 அளவில். நிலத்துக்குள் 300 இறங்கவேண்டும். இறங்கும் கால்களில் குறுக்காக ஒரு சாண் கம்பியைப் பற்றவையுங்கள், அப்போது சீமெந்துக்குள் சுழற்றிப் பிடுங்க முடியாது. சீமெந்து, மணல், கல் கலவை 1:2:4. ஏழு நாள் நனைத்து ஆறவிட்ட பிறகே திறந்துவிடவேண்டும். அவசரப்பட்டு அடுத்த நாளே விட்டால் முதல் கிழமையிலேயே ஆடத் தொடங்கும். சீமெந்தின் மேல்முகத்தைக் குழாயிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக வழித்துவிடுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் குழாய் முதலில் துருப்பிடிக்கும், கடற்காற்று அடிக்கிற எங்கள் நகரத்தில் இது இன்னும் கெதியாக நடக்கும். பற்றவைத்த இடத்தில் நாகப்பூச்சு எரிந்து போயிருக்கும். அங்கே நாகம் கலந்த முதற்பூச்சு அடித்த பிறகே நிறம்.

ஒரு வளையத்தில் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு சைக்கிள். வளையங்களுக்கு இடையில் 1 மீற்றர் விடுங்கள். 800 என்று குறைத்தால் கூடை வைத்த வண்டிகள் இடிபடும், ஒன்றுவிட்டு ஒன்றுதான் நிரம்பும். மதிலிலிருந்து குறைந்தது 600 மில்லிமீற்றர். கார் ஒன்று விடும் இடத்தில், அதாவது 5 மீற்றர் நீளம் 2.5 மீற்றர் அகலத்தில், ஐந்து வளையம் போட்டுப் பத்துச் சைக்கிள் விடலாம். கடைக்காரரோடு பேசும்போது இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: அவர் வாசலில் ஒரு காருக்குப் பதிலாகப் பத்து வாடிக்கையாளர்.

பள்ளிக்கூடத்துக்கு இது பொருந்தாது. முந்நூறு சைக்கிளுக்கு வளையம் போட ஆரிடமும் காசில்லை. அங்கே வரிசைதான். ஒரு சைக்கிளுக்கு 60 சென்ரிமீற்றர் அகலம், 2 மீற்றர் நீளம், வரிசைகளுக்கு இடையில் 2 மீற்றர் வழி. முன்சில்லுகள் எதிரெதிரே பார்க்க இரட்டை வரிசையாக விட்டால் 30 மீற்றரில் நூறு வண்டி. வழியைக் குறைத்து இடத்தை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். மணியடித்ததும் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் எடுக்கிற இடம் அது. வெயிலில் ரயர் வெடிக்கும், ஆகவே நிழல் வேண்டும். வேம்பு நல்லது. தென்னைக்குக் கீழே மட்டும் விடவேண்டாம், தேங்காய் விழும்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனப் போக்குவரத்தை மறித்து, ஆயிரக்கணக்கான சைக்கிளைத் துண்டு கொடுத்து வாங்கி, அதே துண்டுக்குத் திருப்பிக் கொடுக்கிற ஊர் இது. இதைச் செய்யத் தெரியாத நகரம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆண்டு முழுவதற்கும் கேட்பதுதான் எங்கள் வேலை.

கேள்வி: இப்ப வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள். சைக்கிளுக்காகப் போராடுவது பின்னுக்குப் போற வேலை இல்லையா? கோபிக்காமல் பதில் தாருங்கள். (திருநெல்வேலி வாசகர்)

பதில்: கோபிக்க எதுவும் இல்லை, இது மனதில் வைத்திருக்காமல் கேட்கவேண்டிய கேள்வி.

மோட்டார் சைக்கிள் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு 18 வயதாகவேண்டும். அதற்குக் கீழே உள்ள ஒவ்வொருவருக்கும் சட்டப்படி தானே ஓடிப் போகக்கூடிய வண்டி சைக்கிள்தான். பதினொரு வயதுப் பிள்ளைக்கு வீதி பாதுகாப்பில்லை என்றால் அப்பாவோ அம்மாவோ மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்குகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் நெரிசல் கூடுகிறது. நெரிசலைப் பார்த்து அடுத்த வீட்டுப் பெற்றோரும் சைக்கிளை நிற்பாட்டுகிறார்கள். இந்தச் சுழலை ஓரிடத்தில் வெட்டவேண்டும்.

எரிபொருள் எங்களைக் கைவிட்ட காலங்களும் இருக்கின்றன. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் இந்தக் குடாநாடு சைக்கிளில்தான் இயங்கியது. நோயாளியும் விறகும் அரிசி மூட்டையும் அதில்தான் போயின. 2022 இல் எரிபொருள் வரிசை நீண்டபோது மூலையில் சாத்திவைத்த சைக்கிள்களைத் துடைத்து வெளியே எடுத்தோம். அந்த இரண்டு காலத்திலும் சைக்கிள் இருந்தது, வீதியில் அதற்கென்று ஓர் இடம் எழுதப்படவில்லை. எரிபொருள் வந்ததும் சைக்கிள் ஓரத்துக்குத் தள்ளுப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. சாரதி கண்டு பிறேக்கை மிதிக்க ஒரு செக்கன் எடுக்கிறார் என்று வையுங்கள். காய்ந்த தார் வீதியில் 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஏறத்தாழ 13 மீற்றரில் நிற்கும். 50 இல் வந்தால் 28 மீற்றர் வேண்டும். 30 இல் வந்த கார் நின்றுவிட்ட அந்த 13 ஆவது மீற்றரில், 50 இல் வந்தவர் அப்போதுதான் பிறேக்கில் கால் வைக்கப் போகிறார், கார் முழு வேகத்தில் இருக்கிறது. மோதும் சக்தி இரண்டே முக்கால் மடங்கு. ஒழுங்கைகளிலும் பள்ளிக்கூட வீதிகளிலும் 30 கேட்பது இதற்காக. மோட்டார் சைக்கிள் ஓடுகிறவரின் பிள்ளைக்கும் அது காவல்.

கேள்வி: சைக்கிளுக்கு வெள்ளைக் கோடு போட்டுத் தனிப்பாதை கேட்டால் வீதி அகலம் போதாது என்கினம். உண்மையோ? (கொக்குவில் வாசகர்)

பதில்: பல வீதிகளில் உண்மை. அளந்து பாருங்கள். சைக்கிள் கான்டில் 60 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல், ஓடும்போது வரும் ஆட்டத்தைச் சேர்த்தால் 1 மீற்றர். பஸ் 2.5 மீற்றர். இடையில் குறைந்தது 1 மீற்றர் விடவேண்டும். கூட்டினால் 4.5. எதிரே இன்னொரு பஸ் வந்தால் 7. தார் 6 மீற்றர் என்றால் பஸ் சைக்கிளுக்குப் பின்னால் பொறுத்து வரவேண்டும், வேறு வழி இல்லை. அங்கே 80 சென்ரிமீற்றரில் ஒரு கோடு போட்டால் அது சைக்கிளைச் சாக்கடை ஓரத்துக்குத் தள்ளி, பஸ்ஸுக்கு "மிச்சம் எல்லாம் என்னுடையது" என்று சொல்வதாகிவிடும். கோடே இல்லாத வீதி அதைவிட நல்லது. தனிப்பாதை என்றால் 1.5 மீற்றருக்குக் குறையக் கேட்காதீர்கள், 2 கிடைத்தால் இரண்டு பிள்ளைகள் பக்கம் பக்கமாகப் போகலாம்.

இடம் இல்லாத வீதியில் கேட்கவேண்டியது வேறு: வேகக் குறைப்பு, தரித்து நிற்கும் வாகனங்களை ஒரு பக்கத்துக்கு ஒதுக்குதல், தாரின் ஓர வெடிப்பை நிரவுதல். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையில் இரண்டு அங்குலம் இறக்கம் இருந்தால், ஒதுங்கிய சைக்கிள் திரும்ப ஏற முடியாமல் சறுக்கி விழும். அதைக் கிரவல் போட்டு மட்டமாக்குவது தனிப்பாதையைவிட மலிவு, கெதியாகவும் நடக்கும். வேகத்தடை கேட்கும்போது இடப்பக்க ஓரத்தில் ஒரு மீற்றர் வெட்டிவிடச் சொல்லுங்கள். சைக்கிள் குலுங்காமல் போகும், மழைத்தண்ணியும் ஓடும்.

கேள்வி: புகையிரதக் கடவையில் சைக்கிள் வழுக்குவது ஏன்? (நாவற்குழி வாசகி)

பதில்: தண்டவாளத்தின் உட்பக்கம் ரயில் சில்லின் விளிம்பு போகவென்று விட்ட இடைவெளி சைக்கிள் ரயரைவிட அகலம். வீதி தண்டவாளத்தைச் சரிவாக வெட்டும் கடவைகளில் முன்சில்லு அதற்குள் இறங்கித் திரும்பிவிடும். செங்குத்தாகக் கடந்தால் இறங்காது. ஆகவே கடவைக்கு முன்னால் பின்னுக்குப் பார்த்துவிட்டு, சற்று வளைந்து, நேராக வெட்டுங்கள். தண்டவாளத்தின் மேல் பிறேக்கும் வேண்டாம், கான்டிலைத் திருப்பவும் வேண்டாம். மழையில் இரும்பு வழுக்கும், இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை. 1990 இல் நின்ற ரயில் 2014 இல் யாழ்ப்பாணம் திரும்பியபோது, இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடவை என்பதே புதிது; இந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுப்பது குழுக்களின் வேலையாக இருக்கவேண்டும். குழுவாகக் கேட்கவேண்டியது, வளைந்து வருவதற்குக் கடவையின் இரு முனையிலும் தாரை ஒரு மீற்றர் அகட்டுதல்.

கேள்வி: மாரி காலத்தில் பிறேக் பிடிக்குதில்லை. கட்டை புதுசு. (வண்ணார்பண்ணை வாசகர்)

பதில்: கட்டையில் பிழை இல்லை, றிம்மைப் பாருங்கள். பளபளக்கும் குரோம் பூசிய இரும்பு றிம் நனைந்தால் இறப்பர்க் கட்டை வழுக்கும். நிற்கும் தூரம் பல மடங்கு கூடும். நிற்கவேண்டிய இடத்துக்கு நெடுந்தூரம் முன்பே இரண்டு பிறேக்கையும் மெல்லத் தொட்டுக்கொண்டு வாருங்கள். சில்லு சில சுற்றுச் சுற்றித் தண்ணீரை வழித்த பிறகே பிடிப்பு வரும். பின்பிறேக்கை முதலில், முன்னதை மெதுவாக. அலுமினிய றிம் மழையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கான்டிலிலிருந்து இரும்புத் தண்டால் இழுக்கும் பழைய பிறேக் றிம்மின் உட்பக்கத்தில் பிடிப்பது. அலுமினிய றிம் போட்டால் பக்கவாட்டில் பிடிக்கும் கேபிள் பிறேக்கும் சேர்த்து மாற்றவேண்டும். வாங்கமுன் றிம்மில் சில்லுக் கம்பி பூட்டும் துளைகளை எண்ணுங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் முன்னுக்கு 32, பின்னுக்கு 40.

லைற்றும் பார்க்கவேண்டும். ரயரில் உரசும் டைனமோ ஈரத்தில் வழுக்கும், வெளிச்சம் போகும், நின்றால் அணையும். மாரிக்குப் பற்றரி லைற் ஒன்று துணைக்கு வேண்டும். பின் மட்காட்டின் கீழ்முனையில் வெள்ளைப் பூச்சு, அதற்கு மேல் சிவப்புப் பிரதிபலிப்பான். பெடலின் பின்விளிம்பில் ஒளிதெறிக்கும் நாடா ஒட்டினால் மேலும் கீழும் அசைகிற வெளிச்சம் பின்னால் வருகிறவருக்குத் தூரத்திலேயே தெரியும்.

கேள்வி: ரியூசன் முடிந்து இருட்டில் வரும் பெண்பிள்ளைகளுக்காகக் குழு என்ன செய்யலாம்? (கோண்டாவில் தாய்)

பதில்: முதலில் வெளிச்சம். ஒரு மாலை இரண்டு பேர் அந்த வழியால் சைக்கிளில் போய், எரியாத லைற் உள்ள ஒவ்வொரு மின்கம்பத்தின் இலக்கத்தையும் எழுதுங்கள். இலக்கம் கம்பத்தில் எழுதியிருக்கும். "வீதி இருட்டாக இருக்கிறது" என்ற முறைப்பாடு கிடப்பில் கிடக்கும். இலக்கத்தோடு கொடுத்த பட்டியலை லைற் போடும் ஆள் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். வீதி விளக்கு உள்ளூராட்சி சபையின் பொறுப்பு, மின்சார சபைக்கு எழுதி நாளைக் கடத்தவேண்டாம். பத்து நாள் கழித்து அதே வழியால் போய்த் திரும்பப் பாருங்கள்.

அடுத்தது, சேர்ந்து வருதல். ரியூட்டரியோடு பேசி, ஒரே திசைக்குப் போகும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வெளிக்கிட ஒழுங்கு செய்யுங்கள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று வயதில் மூத்த பெண்கள் வந்தால் நல்லது. கடைசியில் வருகிறவர் எல்லாரும் படலைக்குள் போனபிறகே திரும்பவேண்டும். மறித்துத் தொல்லை கொடுக்கும் இடங்களைப் பிள்ளைகளிடம் கேட்டு, திகதி, நேரம், இடம் எழுதி வையுங்கள். பிள்ளையின் பெயர் தாளில் வேண்டாம். நாலைந்து பதிவு ஒரே மூலையைக் காட்டினால் அதோடு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியைப் பெற்றோர் சேர்ந்து சந்திக்கலாம். "இருட்டமுன் வா, இல்லாவிட்டால் ரியூசனை விடு" என்று பிள்ளையை மறிப்பது தீர்வாகாது. மாறவேண்டியது வீதி.

கேள்வி: மாதம் ஒரு ஞாயிறு இலவசத் திருத்த நாள் வைக்க ஆசை. என்ன சாமான் வேணும்? (மானிப்பாய் இளைஞர்)

பதில்: முதலில் உங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள், அவரையும் கூப்பிடுங்கள், அவர் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். இலவச நாள் அவரின் வயிற்றில் அடிக்கக்கூடாது. நீங்கள் செய்வது பரிசோதனையும் சிறுவேலையும். றிம் நேராக்குவது, அச்சு மாற்றுவது அவருக்குப் போகட்டும்.

இருபது வண்டிக்கு: ஒட்டுத் துண்டு ஒரு பெட்டி, சொலூசன் நாலு குழாய், உரசுதாள், ரயர் நெம்பு மூன்று சோடி, 8 இலிருந்து 17 வரை ஸ்பனர், சுத்தியல், நின்று அடிக்கும் பம்பி இரண்டு, பிறேக் கட்டை பத்துச் சோடி, தண்ணீர்ச் சட்டி, பழந்துணி. கூடவே வால்வு இறப்பர் ஒரு முழுக் கட்டு வாங்குங்கள். "ஒட்டை இல்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் காற்றுப் போகுது" என்று வருகிற வண்டிகளில் ரியூப்பைக் கழற்றமுன் வால்வைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே உள்ள மெல்லிய இறப்பர்க் குழாய் உக்கியிருக்கும். ஒரு நிமிட வேலை.

ஒட்டுப் போடும்போது பிழைப்பது இரண்டு இடம். சொலூசன் பூசி உடனே ஒட்டுவது ஒன்று. ஈரப்பளபளப்பு மறையும்வரை, நாலைந்து நிமிடம், பொறுக்கவேண்டும். ரயரின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்காமல் திரும்பப் பூட்டுவது மற்றது. குத்திய நெருஞ்சி முள் அங்கேயே இருக்கும், வீட்டுக்குப் போகமுன் திரும்பக் குத்தும். விரலுக்குப் பதிலாகத் துணியால் தடவினால் முள் துணியில் மாட்டும், கையும் தப்பும்.

பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் "டக்" என்று இடித்தால் கொட்டர் பின், அதாவது பெடல் பூட்டிய கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு, தளர்ந்திருக்கிறது. நட்டை மட்டும் இறுக்கினால் நட்டின் புரி போகும். கிராங்குக்குக் கீழே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கிய பிறகே நட்டை இறுக்கவேண்டும். செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடுகிற பழக்கம் எங்கும் உண்டு. அது இறுகி மணலைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு துளி விட்டு, மிச்சத்தைத் துணியால் வழித்துவிடுங்கள்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு துண்டு எழுதுங்கள்: என்ன பழுது, என்ன செய்தது, கடையில் என்ன மாற்றவேண்டும். பின்பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் எந்த வீதியால் வருகிறவர்களின் றிம் வளைகிறது, எந்த ஒழுங்கையால் வருகிறவர்களுக்குக் கம்பி உடைகிறது என்று தெரியவரும். அடுத்த கடிதத்தை அந்த வீதிக்கு எழுதுங்கள்.